குறிக்கோளும் நாள்வேலையும்

“உன் குறிக்கோள் என்ன?” என்னும் வினா மாணவனை எங்கும் தொடர்ந்து வருகிறது. பள்ளியில் ஆசிரியர் கேட்டார். திருமண வீடுகளில் உறவினர் கேட்டனர். ஊரைவிட்டு ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்தக் கொல்கத்தாவுக்கு வந்த பின்னரும் அது நம்மை விட்டபாடில்லை. லேக் மார்க்கெட்டில் புளியும் அப்பளமும் வாங்கப் போனால், கடைக்காரப் பெரியவர், “படிச்சு முடிச்சு என்ன தம்பி செய்யப் போறீங்க?” என்று கேட்கிறார். நாமும் விடை ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்கிறோம். முனைவர் பட்டம், ஆட்சிப் பணி, வெளிநாட்டில் வேலை என்று ஏதேனும் ஒன்றைச் சொல்கிறோம். கேட்டவர் மகிழ்கிறார்; நாமும் தப்பித்தோம் என்று நகர்கிறோம். ஆனால், நாளைக் காலையில் எழுந்தவுடன் எந்த நூலைத் திறப்பது என்பதற்கு அந்த விடையில் ஏதேனும் குறிப்பு உண்டா? பெரும்பாலும் இல்லை. அந்தக் குறையைப் பற்றியதே இக்கட்டுரை.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது அறிவியல் மாணவரின் வழக்கம். நெடுநாள் நோக்கத்தைக் ‘குறிக்கோள்’ என்றும், அதை நோக்கிச் செல்வதற்காக நாள், வாரம், திங்கள் என்னும் அளவில் நாம் வகுத்துக்கொள்ளும் வேலையை ‘இலக்கு’ என்றும் இங்கே வழங்குகிறேன். குறிக்கோள் திசையைக் காட்டும். இலக்கு இன்று எத்தனை அடி நடப்பது என்பதைச் சொல்லும். இவ்விரண்டில் ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன்.

ஒரு பொய்க் கதை

சென்ற ஆண்டு நம் சங்கத்தில் புது மாணவர் வரவேற்புக் கூட்டம் நடந்தபோது, முதுநிலை மாணவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்தார்கள். நான் முழங்கினேன். “1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மாணவருள் 3 விழுக்காட்டினர் மட்டுமே தம் குறிக்கோளை எழுதி வைத்திருந்தனர். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அந்த 3 விழுக்காட்டினரின் செல்வம் மற்ற 97 விழுக்காட்டினரின் செல்வத்தை விட மிகுதியாக இருந்தது. ஆகவே எழுதுங்கள்!” என்றேன். கைதட்டல் நெடுநேரம் ஒலித்தது.

மூன்று நாள் கழித்து, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் விடுதி உணவுக்கூடத்தில் என் எதிரே வந்து அமர்ந்தார். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த யேல் ஆய்வைத் தேடிப் பார்த்தேன். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லையாம்,” என்றார். நானும் தேடினேன். அவர் சொன்னதே உண்மை. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே தெரிவித்திருக்கிறது. பேச்சாளர் வாய்வழியாக ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்று வளர்ந்த கதை அது. ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டை மும்முறை சரிபார்க்கும் நான், மேடையில் ஒருமுறையேனும் சரிபார்க்கவில்லை. அந்த வெட்கமே என்னை இப்பொருளைப் பற்றி முறையாகப் படிக்கத் தூண்டியது. அன்று கைதட்டியவர்களுக்கு நான் பட்ட கடனை இக்கட்டுரையால் தீர்க்க முயல்கிறேன்.

சுவரில் ஒட்டிய தாள்

அக்கதையை நம்பி நானும் எழுதி வைத்திருந்தேன். என் அறைச் சுவரில் சிவப்பு மையால், “நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை, இந்திய அளவில் முதல் 50க்குள்” என்று எழுதிய தாள் ஒன்று நான்கு திங்கள் தொங்கியது. அந்தத் தாளுக்குப் பின்னே என் குடும்பமே நின்றது என்று சொல்ல வேண்டும்.

என் ஊர் சங்கரன்கோவில். தந்தையார் விசைத்தறியில் சேலை நெய்பவர். இளநிலைப் பட்டம் பெற்றபின் முதல் நுழைவுத் தேர்வில் தவறி, ஓராண்டு வீட்டிலிருந்தபோது அவருடன் நானும் தறியருகே நின்றிருக்கிறேன். அடுத்த ஆண்டு இங்கே இடம் கிடைத்ததும், வட்டிக்குக் கடன் வாங்கி என்னை அனுப்பினார். உதவித்தொகை கிடைத்தால் திங்களுக்கு 37,000 ரூபாய் வரும். 2023 முதல் அந்த அளவு. கடனும் அடையும், தங்கையின் கல்லூரிப் படிப்பும் நடக்கும். ஆகவே என் குறிக்கோள் சிறியதன்று. உள்ளமும் அதில் உறுதியாகவே இருந்தது.

தேர்வு முடிந்து மதிப்பெண் வந்தது. தகுதி வரம்புக்கு வெகு கீழே நின்றேன். அன்றிரவு உறக்கம் வராமல், கணக்குப் போட்ட குறிப்பேடுகளை எடுத்து, பக்கங்களில் இருந்த தேதிகளை எண்ணினேன். 120 நாளில் கையில் எழுதுகோல் பிடித்துக் கணக்குப் போட்ட நாள்கள் 37. மற்ற 83 நாள்களில் நான் சோம்பியிருந்ததாக நினைவில்லை. நூல்களைச் சேர்த்தேன், விரிவுரைகளைக் கேட்டேன், கால அட்டவணைகளை வண்ணம் வண்ணமாக வரைந்தேன், சுவர்த் தாளைப் பார்த்து நாள்தோறும் உள்ளம் கிளர்ந்தேன். கிளர்ச்சியை உழைப்பு என்று தவறாக எண்ணிவிட்டேன். குறிக்கோள் இருந்தது; இலக்கு இல்லை.

மறுநாள் தந்தையார் தொலைபேசியில் பேசினார். ஏசவில்லை. தறிக்காரர் மாலையில் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வியையே கேட்டார். “சரி விடுய்யா. தெனமும் எவ்வளவு ஓடுச்சு?” என்றார். என்னிடம் விடை இல்லை.

அளவு சொல்லும் இலக்கு

தந்தையாரின் கேள்வியில் இருந்த உண்மையை உளவியல் அறிஞர்கள் ஆய்வுகளால் நிறுவியிருக்கிறார்கள். எட்வின் லாக், கேரி லேத்தம் என்னும் இருவர் இத்துறையில் பெயர் பெற்றவர்கள். “இயன்றவரை செய்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, தெளிவான அளவுள்ள, சற்றுக் கடினமான இலக்கைக் கொடுத்தால் மக்கள் மிகுதியாகச் செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு.

1975இல் லேத்தமும் அவருடைய துணைவர் ஒருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று எளிமையானது, சுவையானது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் வெட்டுமரங்களை லாரிகளில் ஏற்றிச் செல்வர். இவ்வளவு எடைக்கு மேல் ஏற்றலாகாது என்பது சட்டம். மரங்கள் ஒரே அளவின அல்ல. ஆகவே எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். வரம்பை மீறிவிடுவோமோ என்ற அச்சத்தால், ஓட்டுநர்கள் சட்டம் ஒப்பும் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடே ஏற்றிவந்தார்கள். இயன்றவரை ஏற்றுங்கள் என்று சொல்லியும் பயனில்லை. பின்னர், “94 விழுக்காடு ஏற்றுக” என்று அளவு குறித்துச் சொன்னார்கள். கூலி உயர்த்தவில்லை, புதுக் கருவி எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு லாரியின் எடையும் அவரவருக்குத் தெரியும்படி செய்தார்கள். சில திங்களில் ஏற்றம் 90 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்து, அந்நிலையிலேயே நின்றது.

இதன் காரணம் மறைபொருள் அன்று. “இயன்றவரை” என்ற சொல்லுக்கு எல்லை இல்லை. களைத்த நாளில் 10 நிமிடமும் இயன்றவரை ஆகிவிடும். அளவு இருந்தால்தான் குறைவு கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால்தான் திருத்தம் பிறக்கும். தறியில் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தி முடிச்சிட்டு மீண்டும் ஓட்டுவார் என் தந்தையார். அறுந்தது தெரியாமல் ஓடினால் அந்தக் குறை சேலை நெடுகிலும் போகும். என் 83 நாள்கள் அவ்வாறு ஓடியவை.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. லாரியில் மரம் ஏற்ற அந்த ஓட்டுநர்களுக்கு முன்பே தெரியும். புதிதாகக் கற்கும் வேலைக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. 1989இல் கான்பர், ஆக்கர்மன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைப் போன்ற ஒரு பயிற்சியைச் சிலருக்குக் கொடுத்தார்கள். வேலையின் நுட்பம் பிடிபடுவதற்கு முன்பே உயர்ந்த மதிப்பெண் இலக்கைப் பெற்றவர்களுக்கு அது துணையாகாமல் சுமையாயிற்று. கவனத்தின் ஒரு பகுதியை எண்ணிக்கை விழுங்கிவிட்டது. கற்கும் காலத்தில், “இத்தனை மதிப்பெண்” என்பதைவிட, “இன்ன முறையைப் புரிந்துகொள்வேன், இன்ன வகைக் கணக்கில் ஏன் தவறுகிறேன் என்று கண்டுபிடிப்பேன்” என்பதே நல்ல இலக்கு. “முதல் 50க்குள்” என்று எழுதிய என் தாள் இந்தப் பிழையையும் செய்திருந்தது.

இந்த நகரில் ஒருவர்

கற்பவனின் இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த நகரிலேயே ஒரு தமிழ் இளைஞர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்று, அரசின் நிதித்துறைத் தேர்வில் வென்று, 1907இல் இங்கே உதவிக் கணக்காயராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18. அந்நாளில் இந்தியருக்கு ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள வழி மிகக் குறைவு. பௌபஜார் தெருவில், 210ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. கட்டடமும் கருவிகளும் இருந்தன; ஆராய்ச்சி செய்வார்தாம் இல்லை. அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்ற ராமன், அங்கே வேலை செய்ய இசைவு பெற்றார்.

அவர் வகுத்துக்கொண்ட நாள்முறையை வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். விடியற்காலை ஐந்தரை மணியளவில் கழகத்துக்குப் போவார். பத்து மணிக்குள் வீடு திரும்பி அலுவலகம் செல்வார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்ததும் மீண்டும் கழகம். இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு வீடு. இடையில் 1909இல் இரங்கூனுக்கும், 1910இல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டு, 1911இல் இங்கே திரும்பினார். இவ்வாறு பத்தாண்டு கழிந்தது. 1917இல் ஆசுதோஷ் முகர்ஜி அழைக்க, அரசுப் பதவியையும் அதன் உயர்ந்த சம்பளத்தையும் விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை நிறுத்தியது. கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்பது ராலே பெருமகனார் கூறிய விளக்கம். ராமன் தம்மிடமிருந்த நிக்கல் பட்டகத்தால் நீர்ப்பரப்பின் எதிரொளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் தெளிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று கண்டார். கப்பலை விட்டு இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரு வினா: திரவங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது?

அந்த வினாவை அவர் நாள்வேலையாக மாற்றிய விதத்தைத்தான் நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். திரவம் ஒன்றை எடுப்பது, தூசு இல்லாதபடி தூய்மையாக்குவது, ஒளிக்கற்றையைச் செலுத்துவது, சிதறும் ஒளியை அளப்பது, அடுத்த திரவத்தை எடுப்பது. 1923இல் அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கூறு ஒன்று இருப்பதைக் கண்டார். திரவத்தின் மாசு காரணமாக இருக்கலாம் என்று மீண்டும் மீண்டும் தூய்மையாக்கினார்கள், அது போகவில்லை. திருவில்லிப்புத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் அந்த ஆய்வில் சேர்ந்தார். 60 அளவிலான திரவங்களைச் சோதித்த பின், 1928 பிப்ரவரி 28 அன்று, அந்த மெல்லிய கூறு புதிய நிறக் கோடுகளாக நிறமாலைக் காட்டியில் தெளிவாகப் புலப்பட்டது. அந்த நாளையே 1987 முதல் நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

ராமனுக்குப் புகழில் ஆசை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1930இல் நோபெல் பரிசு அறிவிக்கப்படும் முன்பே அவர் கப்பலில் இடம் பதிந்து வைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் 1921க்கும் 1928க்கும் இடைப்பட்ட எந்த ஒரு காலையிலும், “இன்று பரிசு பெறுவேன்” என்று அவர் எழுந்திருக்க முடியாது. “இன்று இந்தத் திரவத்தை அளப்பேன்” என்றுதான் எழுந்திருக்க முடியும். பரிசு பிறர் கையில் இருந்தது. திரவம் அவர் கையில் இருந்தது. குறிக்கோள் எவ்வளவு உயரத்திலும் இருக்கலாம். இலக்கோ நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இக்கட்டுரையில் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்று உண்டென்றால் அது இதுவே.

நேரமும் இடமும்

இலக்கை வகுத்தபின்னும் அதைத் தொடங்காமல் நாள் கழிவது உண்டு. அதற்கும் மருந்து கண்டிருக்கிறார்கள். 1997இல் பீட்டர் கோல்விட்சர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியரும் அவருடைய துணைவரும் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். கிறிஸ்துமசு விடுமுறையில், பண்டிகை முன்னிரவை எவ்வாறு கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவர்களை வேண்டினார்கள். ஒரு பாதியினரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் அமர்ந்து எழுதுவீர்கள் என்பதை முன்னரே குறித்துத் தரச் சொன்னார்கள். அவ்வாறு குறித்தவருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் உரிய காலத்தில் எழுதினர். குறிக்காதவருள் எழுதியவர் மூன்றில் ஒரு பங்கினரே. விருப்பத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. நேரமும் இடமும் குறித்ததே வேறுபாடு.

இதைப் படித்த அன்றே சிவப்புத் தாளைக் கிழித்தெறிந்து, அஞ்சலட்டை அளவுள்ள ஓர் அட்டையில் எழுதினேன்: “காலை 5.30 முதல் 7.30 வரை. விடுதிப் படிப்பறை, சன்னல் ஓர மேசை. பழைய வினாத்தாள் கணக்கு 6. தவறியவற்றை, தவறிய காரணத்தோடு, தனிக் குறிப்பேட்டில் எழுதுதல்.” அதன் கீழே, “யாரேனும் தேநீருக்கு அழைத்தால், ஏழரைக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்வேன்” என்றும் எழுதினேன். இது சிரிப்புக்கு இடமாகலாம். ஆனால் சொல்ல வேண்டிய சொல்லை முன்கூட்டியே ஆயத்தம் செய்யாததனால்தான் நம் காலைப் பொழுதுகள் பல தேநீரில் கரைந்திருக்கின்றன.

70 நாள்கள் ஆகியுள்ளன. 58 நாள் அட்டையின்படி நடந்தது. இரண்டு நாள் காய்ச்சல். மற்றப் பத்தும் என் தவறு. பல கணக்குகள் போட்டிருக்கிறேன். தவறுகளை எழுதிய குறிப்பேடு எனக்கு ஒன்றைக் காட்டியது: புள்ளியியல் இயக்கவியலில் எனக்குச் சூத்திரம் தெரிந்திருக்கிறது, எந்தச் சூழலில் எதைக் கையாள்வது என்பது தெரியவில்லை. நான்கு திங்கள் சுவரைப் பார்த்தபோது தெரியாத இந்த உண்மை, மூன்று வாரக் குறிப்பேட்டில் தெரிந்தது. உடனே இலக்கை மாற்றினேன். ஆறு கணக்கை நான்காக்கி, மிஞ்சிய நேரத்தில் அந்தப் பாடத்தை அடிப்படையிலிருந்து படித்தேன். இலக்கை மாற்றுவது இழிவன்று. சான்று கண்டபின் மாற்றாதிருப்பதே பிழை. சோம்பலால் மாற்றுகிறோமா, சான்றால் மாற்றுகிறோமா என்பதை மட்டும் நமக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலர் கூடிச் செய்யும் வேலை

படிப்பு முடிந்து நாம் புகப்போகும் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பெரும்பாலான வேலை பலர் கூடிச் செய்வது. அங்கே இலக்குக்கு இன்னொரு கூறு வேண்டும். நம் சங்கத்தின் பொங்கல் விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். “விழா சிறப்பாக நடைபெற வேண்டும்” என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. விழா நாள் காலையில் கரும்பு வந்தது. மஞ்சள் குலை வந்தது. அரிசியும் வெல்லமும் வந்தன. 60 பேர் குளிரில் வட்டமாக நின்றார்கள். பானை வரவில்லை. அதை மற்றவர் வாங்குவார் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். கடைசியில் விடுதிச் சமையற்காரர் மனமிரங்கிக் கொடுத்த, பருப்பு வேகவைக்கும் அலுமினியக் குண்டானில் பொங்கல் பொங்கிற்று. “பொங்கலோ பொங்கல்” என்று நாம் கூவியதில் நாணமும் கலந்திருந்ததை அன்று வந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மேலாண்மை நூலார் பீட்டர் டிரக்கர் 1954இல் வெளியிட்ட நூலில், நிறுவனத்தில் ஒவ்வொருவரும் தமக்குரிய நோக்கங்களைத் தெளிவாக வகுத்துக்கொண்டு, தம் வேலையைத் தாமே அளந்து நடத்த வேண்டும் என்னும் முறையை விளக்கினார். 1981இல் ஜார்ஜ் டோரன் நல்ல இலக்குக்கு ஐந்து அடையாளங்கள் கூறினார். குறிப்பானதாக இருத்தல், அளக்கத் தக்கதாக இருத்தல், இன்னார் செய்வது என்று ஒப்படைக்கப்பட்டிருத்தல், நடக்கக் கூடியதாக இருத்தல், காலம் குறித்திருத்தல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதைப் பலர் பிற்காலத்தில் விட்டுவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள். நம் பானை வராததற்குக் காரணம் அந்த மூன்றாவதுதான்.

அளவுகோலின் தீமை

அளவை இவ்வளவு போற்றினேன். அதன் தீமையையும் சொல்லாமல் விடுதல் தகாது. அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ என்னும் வங்கியில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பல கணக்குகளை விற்க வேண்டும் என்று ஊழியரை நெருக்கினார்கள். வாடிக்கையாளர் அறியாமலே அவர்கள் பெயரில் இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டிருந்தது 2016இல் வெளியாகி, வங்கி பெரும் தண்டம் கட்டியது. எண்ணிக்கை நிறைந்தது, எதற்காக எண்ணினார்களோ அது கெட்டது. நமக்கும் இந்தத் தீமை உண்டு. எளிய கணக்குகளையே பொறுக்கி ஆறு என்று எண்ணி முடித்த காலைகள் எனக்கும் இருந்தன. இலக்கு நிறைவேறிய நாளில், “இதனால் குறிக்கோள் ஒரு விரலேனும் அருகில் வந்ததா?” என்று கேட்டுக்கொள்வது நலம்.

அந்தக் குறிக்கோளும் நம்முடையதுதானா என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும். யாரும் பாராட்டாவிட்டாலும் இதை நான் விரும்புவேனா? இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டபோது, “முதல் 50” உதிர்ந்துவிட்டது. அது மேடைக்காக நான் சேர்த்தது. இயற்பியல் உதிரவில்லை. குடும்பத்தின் கடனும் உதிரவில்லை. அதைச் சுமையென்றும் நான் கருதவில்லை.

முடிவாக

தோழர்களே, படித்ததையும் பட்டதையும் நான்கு கேள்விகளில் சுருக்கிச் சொல்கிறேன். குறிக்கோளை நோக்கிய இந்த வார வேலை எது? அது என் கையில் உள்ளதா, பிறர் கையில் உள்ளதா? எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் அதைச் செய்வது? செய்தது எவ்வளவு என்பதை எதைக் கொண்டு அறிவேன்? இந்நான்குக்கும் விடை எழுத ஓர் அஞ்சலட்டை போதும், பெருந்தாள் வேண்டியதில்லை. விடை எழுதிய அட்டையைச் சுவரில் ஒட்டாமல் மேசைமீது வையுங்கள். அடித்துத் திருத்துவதற்கு அது கையருகே இருக்க வேண்டும்.

அடுத்த தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வெல்வேன் என்று இம்முறை நான் முழங்கவில்லை, தவறவும் கூடும். தவறினால் கடன் இன்னும் ஓராண்டு நீளும். தங்கைக்கு நான் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் சென்ற முறையைப் போல ஏன் தவறினேன் என்று தெரியாமல் நிற்க மாட்டேன், குறிப்பேடு சொல்லும்.

தந்தையார் இப்போதும் இரவு தறி நின்றபின் பேசுகிறார். நலம் கேட்டபின் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். நேற்றும், “இன்னிக்கு எவ்வளவுய்யா ஓடுச்சு?” என்றார். “நாலு கணக்குப்பா. ஒண்ணு தப்பு. ஏன் தப்புன்னு கண்டுபிடிச்சுட்டேன்,” என்றேன். “அப்ப நல்ல ஓட்டந்தான்,” என்று சொல்லி, தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்தார்.